மாதிரி ரயிலும் மெய்யான நீராவியும்

தென்காசிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் கண்காட்சி. வெளியே ஆடிச் சாரல் தூறிக்கொண்டிருந்தது. ஒரு மேசையின்மீது செங்கோட்டை மலைப்பாதையை மாணவர்கள் அப்படியே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தெர்மகோலில் மலை, மரத்தூளில் காடு, அட்டையில் பதின்மூன்று கண் பாலம். பாலத்தின்மேல் ஒரு ரயில். புகைபோக்கியில் செருகிய ஊதுவத்தி புகைய, உள்ளே ஒளித்து வைத்த மின்கலத்தால் அது சுற்றிச் சுற்றி வந்தது. பார்த்தவர்கள் கை தட்டினார்கள்.

அடுத்த மேசையில் வேறொரு வண்டி. பித்தளைக் குழாய்த் துண்டு ஒன்றுதான் அதன் உருளை. எண்ணெய் டப்பாதான் கொதிகலன். கீழே ஒரு ஸ்பிரிட் விளக்கு. அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. செய்த மாணவியர் இருவர் சக்கரத்தை ஒருமுறை கையால் சுழற்றிவிட்டதும் வண்டி ஒரு முழ தூரம் ஓடிற்று, பிறகு நின்றது. உருளையின் ஓரத்திலிருந்து வெந்நீர் சொட்டிற்று. மறுபடி சுழற்றினார்கள், மறுபடி நின்றது.

நடுவர்கள் மூவர். முதற்பரிசு பாலத்து ரயிலுக்குப் போயிற்று. நின்றுபோன வண்டிக்கு நேராக ‘இயங்கவில்லை’ என்று எழுதினோம். அந்த மூவரில் நானும் ஒருவன்; கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். அந்தத் தீர்ப்பு தவறானது. எப்படித் தவறானது என்பதை வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேடமும் மெய்யும்

ஒரு பொருளின் உருவத்தைச் சுருக்கிக் காட்டுவது ஒரு வகை மாதிரி. அப்பொருள் எந்த விதிக்குக் கட்டுப்பட்டு இயங்குகிறதோ அதே விதிக்குக் கட்டுப்பட்டுத் தானும் இயங்குவது இன்னொரு வகை. முதல் வகையைப் பொம்மை எனலாம். இரண்டாவதே அறிவியல் மாதிரி. பொம்மையில் குற்றமில்லை. பொம்மைக்கு அறிவியல் பரிசு கொடுப்பதில்தான் குற்றம்.

இந்தக் குழப்பம் பள்ளி மேசையோடு நிற்கவில்லை. 2023 அக்டோபர் 31 அன்று குஜராத்தில் ஏக்தா நகருக்கும் அகமதாபாத்துக்கும் இடையே ஒரு பாரம்பரிய ரயில் தொடங்கி வைக்கப்பட்டது. தெற்கு ரயில்வேயின் பணிமனைகளில் உருவான வண்டி அது. முன்னால் பார்த்தால் பழைய நீராவி எஞ்சின். உண்மையில் ஓடுவது மின்சாரத்தால். சுற்றுலாப் பயணிக்கு அது இனிய காட்சிதான். ஆனால் நீராவி எஞ்சினைப் பற்றி அதனிடம் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

அதே தெற்கு ரயில்வேயைச் சேர்ந்த திருச்சிப் பொன்மலைப் பணிமனைக்கு வேறொரு பெருமை உண்டு. நீலகிரி மலைப்பாதைக்கான ‘எக்ஸ்’ வகை எஞ்சின்களைச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலை 1914 முதல் செய்து அனுப்பியது. அவற்றுக்கு வயதாகிவிட்டபோது, அதே வகையில் எண்ணெயால் எரியும் புதிய எஞ்சின்களை 2011 முதல் பொன்மலைத் தொழிலாளர்கள் செய்தார்கள். 2021இல் நிலக்கரியால் எரியும் எஞ்சினையும் செய்து முடித்தார்கள். இவ்வகை எஞ்சினுக்கு நான்கு உருளைகள். இரண்டு உருளைகளில் ஒருமுறை உழைத்த நீராவியே மற்ற இரண்டில் மறுமுறை உழைத்து, பல் தண்டவாளத்தைப் பற்றும் பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றத்தில் வண்டி ஏற வேண்டும். அங்கே வேடம் உதவாது. நீராவி குறைந்தால் எஞ்சின் நின்றுவிடும்.

நின்றுவிடக் கூடியது எதுவோ, அதுவே மெய்யாக ஓடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் பொருளுக்குள் செல்வோம்.

தோட்டத்தில் ஒரு மீட்டர் பாதை

வீட்டுத் தோட்டத்தில் சிறு தண்டவாளம் போட்டு, மெய்யான நீராவியால் ஓடும் சிறிய எஞ்சினைச் செய்து ஓட்டுவது பிரிட்டன், ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளில் பலருக்குப் பொழுதுபோக்கு. இதில் பரவலாக வழங்கும் பாதை அகலங்கள் 32 மி.மீ., 45 மி.மீ. என இரண்டு. ஜெர்மனியின் லேமன் நிறுவனம் 1968இல் வெளியிட்ட தோட்ட ரயில் மின்சாரத்தால் ஓடுவதுதான். ஆனால் 45 மி.மீ. பாதையில் 22.5இல் ஒரு பங்கு என்ற அளவை உலகெங்கும் பரப்பியது அதுவே. 45ஐ 22.5ஆல் பெருக்கிப் பாருங்கள்; ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் மலைப்பாதை 1904இல் திறக்கப்பட்டு, அகலப்பாதைப் பணிக்காக 2010இல் மூடப்படும்வரை மீட்டர் பாதையாகவே இருந்தது. 2018இல்தான் அகலப்பாதையாகி மறுபடி ரயில் ஓடிற்று. நம் ஊரின் பழைய ரயிலை யாரேனும் தம் தோட்டத்தில் ஓட்ட விரும்பினால், அதற்குச் சரியான பாதை இந்த 45 மி.மீ. பாதையே.

எஞ்சினின் அமைப்பு எளிது. செம்பால் ஆன ஒரு சிறு கொதிகலன். அதில் ஏறத்தாழக் கால் லிட்டர் தண்ணீர். அதன் நடுவே நீளவாக்கில் ஒரு குழாய். குழாய்க்குள் பியூட்டேன் வாயு எரிகிறது. நீராவி ஒரு திருகுவழியே உருளைகளுக்குப் போய், வால்வு திறந்து மூடும் முறைப்படி பிஸ்டனை முன்னும் பின்னும் தள்ளி, புகைபோக்கிவழியே வெளியேறுகிறது. ஒருமுறை நிரப்பினால் இருபது முப்பது நிமிடம் ஓடும். தண்ணீர் வற்றுவதற்கு முன்பே தீர்ந்துபோகும் அளவுக்குத்தான் வாயுத் தொட்டியைச் சிறிதாக அமைக்கிறார்கள். கொதிகலன் வறண்டு காயாமல் இருக்க இது ஒரு தந்திரம்.

உருளைக்கு எண்ணெய் கொடுக்கும் முறையில் ஒரு பாடமே இருக்கிறது. எண்ணெய் நிறைந்த சிறு கிண்ணத்தில் சிறிதளவு நீராவி புகுந்து குளிர்ந்து நீராகிறது. நீர் கனமானது, அடியில் இறங்குகிறது. மேலே தள்ளப்பட்ட எண்ணெய் துளித்துளியாக நீராவியோடு கலந்து உருளைக்குப் போகிறது. பம்பு ஒன்றும் இல்லை. மிதத்தலைப் பற்றி நாம் கரும்பலகையில் அரைமணி நேரம் சொல்வதை இக்கிண்ணம் ஓசையின்றிச் செய்துவிடுகிறது.

உருவத்துக்கு விசுவாசமா, விதிக்கா?

இனி, இந்தச் சிறிய எஞ்சினையும் விமரிசனத்துக்கு உட்படுத்துவோம். மெய்யான நீராவியால் ஓடுகிறது என்பதால் மட்டும் அதை மன்னித்துவிடக் கூடாது.

பெரிய எஞ்சினின் ஒவ்வோர் அளவையும் 22.5ஆல் வகுத்துவிட்டால் சரியான மாதிரி கிடைத்துவிடும் என்று தோன்றும். அது நடவாது. நீளம் 22.5 மடங்கு குறையும்போது பரப்பு 506 மடங்கு குறைகிறது. கன அளவோ 11,000 மடங்குக்கும் மேலாகக் குறைகிறது. ஆக, ஒவ்வொரு கன சென்டிமீட்டர் நீராவிக்கும் உரிய சுவர்ப்பரப்பு 22.5 மடங்கு கூடிவிடுகிறது. சுவர்தான் வெப்பம் தப்பியோடும் வழி. தண்ணீரோ எஞ்சின் சிறியதென்று இரக்கப்பட்டுக் குறைந்த வெப்பநிலையில் கொதிக்காது.

ஓர் எடுத்துக்காட்டு. மீட்டர் பாதையில் சரக்கு இழுத்த ‘ஒய்.ஜி.’ எஞ்சினின் உருளை சுமார் 41 செ.மீ. விட்டமுடையது. மாதிரியில் அது 18 மி.மீ. ஆகிறது, சமாளிக்கலாம். ஆனால் கொதிகலனுக்குள் நெருப்பைக் கொண்டுசெல்லும் 50 மி.மீ. குழாய்கள் 2 மி.மீ. குழல்களாகிவிடும். அவ்வளவு மெல்லிய குழலில் புகை எளிதில் ஓடாது; சிறிது கரி படிந்தாலும் அடைத்துக்கொள்ளும். ஆகவே, பல குழாய்களை வரைபடத்தில் உள்ளபடியே செய்தவரின் எஞ்சின் அலமாரிக்குத்தான் ஏற்றது. ஒரே ஒரு பெருங்குழாயை வைத்தவரின் எஞ்சின் ஓடும்.

அழுத்தத்திலும் இப்படியே. ஒய்.ஜி. எஞ்சினின் கொதிகலனில் சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோவை ஒட்டிய அழுத்தம். அதையே மாதிரிக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? பிஸ்டனின் விசை பரப்பைப் பொறுத்தது. எஞ்சினின் எடை கன அளவைப் பொறுத்தது. பெரியது நூறு டன் என்று கொண்டால் மாதிரியின் எடை 9 கிலோவுக்கும் குறைவு. எடையோடு ஒப்பிட விசை 22.5 மடங்கு மிகுந்து, சக்கரங்கள் தண்டவாளத்தைப் பற்றாமல் நின்ற இடத்திலேயே சுழலும். எனவே மூன்று, நான்கு கிலோ அழுத்தம் தாராளமாகப் போதும்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை சிறிது வியப்பானது. விதிக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமானால் உருவத்துக்குச் சிறிது துரோகம் செய்துதான் ஆகவேண்டும். ஒவ்வோர் ஆணியையும் எண்ணிப் பதித்த மாதிரியைவிட, எங்கே மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்று அறிந்து மாற்றிய மாதிரியே உயர்ந்தது.

ஊருக்கு ஊரும் மாற்றம் வேண்டும். பியூட்டேன் வாயுவின் அழுத்தம் 20 டிகிரி வெப்பத்தில் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. 40 டிகிரியில் நான்கு மடங்கை நெருங்குகிறது. குளிர்நாட்டில் வாயுத் தொட்டியை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுகிறார்கள். நம் சித்திரை வெயிலில் அதே தொட்டியைத் தண்ணீரில் வைத்துக் குளிரச் செய்ய வேண்டும். ஆரியங்காவுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி ஆடியில் திறந்த ஸ்பிரிட் விளக்கு அணைந்து அணைந்து போகும்; குழாய்க்குள் எரியும் நெருப்பே நம் ஊருக்குப் பொருந்தும். சாரல் விழுந்த தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும். புத்தகத்தில் இல்லாத இந்தப் பாடங்களைத் தோட்டம் சொல்லித் தருகிறது.

கிளாஸ்கோவில் நின்றுபோன மாதிரி

கெட்டில் மூடி குதிப்பதைப் பார்த்து ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்று சிறுவயதில் கேட்டிருப்பீர்கள். அது கதை. நியூகாமனின் நீராவி எஞ்சின் 1712லேயே சுரங்கத்தில் நீர் இறைத்தது. வாட் பிறந்ததோ 1736இல். உண்மையில் நடந்ததைப் பாடநூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வகுப்பில் காட்டுவதற்காக நியூகாமன் எஞ்சினின் மாதிரி ஒன்று இருந்தது. 1763-64 குளிர்காலத்தில் அதைப் பழுதுபார்க்கும் வேலை கருவி செய்பவரான வாட்டிடம் வந்தது. அவர் செப்பனிட்டு ஓட்டினார். சில அடிகள் அடித்துவிட்டு மாதிரி நின்றது. பெரிய எஞ்சின் ஓடும்போது அதே அமைப்புள்ள சிறியது ஏன் நிற்கிறது? இந்தக் கேள்விதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

விடை நாம் மேலே கண்டதுதான். சிறிய உருளையில் கன அளவைவிடச் சுவர்ப்பரப்பு மிகுதி. ஒவ்வோர் அடிக்கும் உருளையைத் தண்ணீர் தெளித்துக் குளிரவைத்தார்கள். அடுத்து வரும் நீராவியில் பெரும்பகுதி அந்தச் சுவரை மறுபடி சூடேற்றவே செலவாயிற்று. ஒரு கிராம் நீராவி நீராகும்போது சுமார் 540 கலோரி வெப்பத்தைச் சுவருக்குக் கொடுத்துவிட்டு மறைகிறது. வேலை செய்ய எஞ்சுவது கொஞ்சமே. பெரிய எஞ்சினிலும் இந்த நட்டம் இருந்தது. ஆனால் அங்கே அது மறைந்திருந்தது. சிறியது அதைப் பெரிதாக்கிக் காட்டிற்று. உருளையை எப்போதும் சூடாகவே வைத்து, நீராவியை வேறொரு கலத்தில் குளிர்விக்கலாம் என்ற எண்ணம் 1765இல் வாட்டுக்கு உதித்தது; 1769இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தொழிற்புரட்சிக்கு உரமூட்டிய எஞ்சின், ஓடாமல் நின்ற ஒரு வகுப்பறை மாதிரியிலிருந்து பிறந்தது.

இப்போது அந்த மாணவியரின் வண்டியை நினைத்துப் பாருங்கள். உருளையின் ஓரத்தில் சொட்டிய வெந்நீர் எது? குளிர்ந்த பித்தளைச் சுவரில் பட்டு நீராகிவிட்ட நீராவியே அல்லவா? கிளாஸ்கோவில் நிகழ்ந்த செய்தியின் நெருங்கிய உறவு எங்கள் கண்முன்னே சொட்டிக்கொண்டிருந்தது. அந்த உருளைக்குக் கயிறு சுற்றி, முதலில் சூடேற்றி, தேங்கிய நீரை வடித்துவிட்டு ஓட்டச் சொல்லியிருக்கலாம். நாங்கள் ‘இயங்கவில்லை’ என்று எழுதிவிட்டு நகர்ந்தோம். ஊதுவத்தி ரயில் நிற்கவே நிற்காது. ஆகவே அது எதையும் கற்பிக்கவும் கற்பிக்காது.

பொழுதுபோக்கின் குறைகள்

தோட்ட நீராவி ரயிலைப் புகழ்ந்தே முடித்துவிட்டால் விமரிசனம் ஆகாது. அதன் குறைகளும் சிறியன அல்ல.

முதலாவது, வாயுவால் எரியும் எஞ்சினில் ஒரு முக்கியமான உறுப்பு வெறும் அலங்காரமாகிவிடுகிறது. பெரிய எஞ்சினில் உழைத்துக் களைத்த நீராவி புகைபோக்கிவழியே சீறிப் பாயும்போது நெருப்பின்வழியே காற்றை இழுக்கிறது. பாரம் கூடினால் சீற்றம் கூடும். சீற்றம் கூடினால் நெருப்பு கூடும். நெருப்பு கூடினால் நீராவி கூடும். தன் தேவையைத் தானே அறிந்து நிறைவேற்றிக்கொள்ளும் இவ்வமைப்பு 1829இல் ஸ்டீவன்சனின் ‘ராக்கெட்’ வெற்றி பெற்றதற்கு ஒரு காரணம். வாயு எஞ்சினில் நெருப்புக்கு இந்த இழுப்பு தேவையில்லை. எனவே அதன் ‘குப் குப்’ ஓசை பெரும்பாலும் காதுக்கு விருந்து. நெருப்போடு அதற்கு உறவு அறுந்துவிட்டது. நிலக்கரியால் எரியும் மாதிரியிலேயே இந்த வட்டம் முழுமையாகிறது.

இது பற்றி நூறாண்டுக்கு முன்பே ஒரு போர் நடந்தது. 1898இல் தொடங்கிய ‘மாடல் எஞ்சினியர்’ என்ற ஆங்கில இதழில், எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயரில் எழுதியவர் 1920களில் வணிக நிறுவனங்களின் ஸ்பிரிட் கொதிகலன்களைக் கடுமையாகத் தாக்கினார். சிறிய கொதிகலனிலும் நிலக்கரியை எரித்து மெய்யான வேலை வாங்கலாம் என்றார். இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் தம் ‘அயேஷா’ எஞ்சினால் ஆட்களையே இழுத்துக் காட்டினார். வாதம் பேச்சால் முடியவில்லை. இழுத்த பாரத்தால் முடிந்தது. அறிவியல் விமரிசனத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் வேண்டுமோ?

இரண்டாவது, திறன் மிகக் குறைவு. நான்கு கிலோ அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை சுமார் 150 டிகிரி. அது 100 டிகிரியில் வெளியேறுகிறது. கார்னோ விதிப்படி உச்சவரம்பே நூற்றுக்கு 12தான். குளிர்தலும் கசிவும் உராய்வும் போக மிஞ்சுவது மிகச் சொற்பம்.

மூன்றாவது, விலை. வெளிநாட்டில் செய்த எஞ்சினை வாங்கி அலமாரியில் வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டி மகிழ்வது செல்வர் விளையாட்டு. அதை நான் பரிந்துரைக்கவில்லை. செய்து பார்ப்பதில்தான் பயன்.

நான்காவது, ஆபத்து. இதில் என் தீர்ப்பின் இரண்டாவது தவறும் அடங்கும். எண்ணெய் டப்பாக் கொதிகலனை ஈயத்தால் பற்றவைத்திருந்தார்கள்; காப்பு வால்வும் இல்லை. நடுவர்களில் ஒருவரும் அதைக் கேட்கவில்லை. ஈயப் பற்று சுமார் 183 டிகிரியில் உருகும். தண்ணீர் வற்றிய இடத்தில் அந்த வெப்பம் நொடியில் வந்துவிடும். கொதிகலனைச் செம்பில் செய்து வெள்ளிப் பற்றாசால் இணைக்க வேண்டும். காப்பு வால்வு இருந்தே தீரவேண்டும். ஓட்டுமுன் குளிர்ந்த நீரை நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைப்போல் இருமடங்கு கொடுத்துச் சோதிக்க வேண்டும். நீர் அமுங்காது, அதனால் தையல் விட்டாலும் சொட்டுமே தவிர வெடிக்காது. காற்றால் சோதிப்பது உயிருக்கு ஆபத்து.

1923ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டுச் சட்டமும் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ள கலன்களைத் தன் வரம்புக்கு வெளியே விட்டிருக்கிறது. நம் கால் லிட்டர் கலனைச் சோதிக்க எந்த ஆய்வாளரும் வரமாட்டார். எனவே ஆய்வாளரும் நாமே, குற்றவாளியும் நாமே. ஒரு கிலோ அழுத்தத்தில் வேலை செய்யும் வீட்டுக் குக்கருக்கே மூடிமேல் ஓர் எடையும், அது அடைத்துக்கொண்டால் உருகித் திறக்க ஓர் அடைப்பானும் என இரண்டு காப்புகள். மூன்று, நான்கு கிலோவுக்கு ஒன்றுமில்லாமல் இருக்கலாமா?

தீர்ப்பைத் திருத்துவோம்

ஆசிரியர்களே, நடுவர்களாகச் செல்லும் அன்பர்களே! அடுத்த கண்காட்சியில் ஒரு மாதிரியின்முன் நிற்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த விதியால் ஓடுகிறது? பெரியதைச் சுருக்கியபோது எதை மாற்றினாய், ஏன்? எப்போது இது நின்றுபோகும்? நின்றால் யாருக்கும் தீங்கு நேராமல் இருக்க என்ன செய்திருக்கிறாய்? ஊதுவத்தி ரயில் முதற்கேள்வியிலேயே விழுந்துவிடும். நின்றுபோன வண்டி மூன்று கேள்விகளுக்கு விடை தரும். நான்காவதை நாம் கற்றுத்தர வேண்டும்.

மாணவர்களே, உங்களுக்குத் தோட்டமும் தண்டவாளமும் உடனே வேண்டியதில்லை. திருவிழாக் கடைகளில் விற்கும் தகரப் படகு தெரியுமல்லவா? சிறு விளக்கை ஏற்றிவைத்தால் ‘டப டப’ என்று தண்ணீரில் ஓடும். அதுவும் மெய்யான நீராவியே. அது ஏன் ஓடுகிறது என்று முதலில் ஆராயுங்கள். பிறகு ஆசிரியர் துணையோடு, தொழிற்பயிற்சி நிலையத்தில் கடைசல் தெரிந்தவர் ஒருவரின் உதவியோடு, ஆடும் உருளை எஞ்சின் ஒன்றைச் செய்யுங்கள். முதலில் சைக்கிள் பம்பின் காற்றால் எஞ்சினை மட்டும் ஓட்டிப் பாருங்கள். கொதிகலன் கடைசியில் வரட்டும். பொன்மலையில் மலையேறும் எஞ்சினைச் செய்தவர்களும் நம்மவர்களே. அவர்கள் பிடித்த அரமும் அளவுகோலும் நமக்கு எட்டாதவை அல்ல.

அந்த மாணவியர் இருவரையும் நான் பிறகு பார்க்கவில்லை. அவர்கள் இந்த இதழைப் படிப்பவர்களாக இருந்தால் ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் வண்டி ஒரு முழம் ஓடிற்று. மெய்யாகவே ஓடிற்று. உருளைக்குக் கயிறு சுற்றி, கொதிகலனை மாற்றி, மறுபடி முயலுங்கள். அன்று நாங்கள் எழுதியதை அடித்துவிட்டு, ‘இயங்கிற்று, ஏன் நின்றது என்று ஆராய்க’ என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.